மூன்றாம் ஓலைக்கு முன்னால்

யய்யா,

இதை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். தமிழ் உனக்குப் பேச வரும், கோபப்பட வரும், சாப்பாடு கேட்க வரும். படிப்பது மட்டும் சாயங்கால நேரத்துக் குர்லா பாலத்து டிராஃபிக் மாதிரி நகரவே நகராது. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். ஃபோனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று ஒரே மூச்சில் என்னை முடித்துவிடுவாய். இங்கே ஒவ்வொரு எழுத்திலும் நின்று நின்றுதான் வரமுடியும். எழுதி முடித்ததும் அப்பா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவார். கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிடாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

இன்று காலை செம்பூரில் நல்ல மூட்டம். நான் பனி என்கிறேன், அப்பா புகை என்கிறார். இரண்டும் கலந்துதான் இருக்கும். நம் ஐந்தாவது மாடி ஜன்னலில் இருந்து எதிர்க் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியவில்லை. மேலே ஒரு விமானம் போகிற சத்தம் மட்டும் கேட்டது. நீ டெல்லியில் இருக்கிறாய், இது உன் விமானம் இல்லை என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் டீ டம்ளரை மேடையில் வைத்துவிட்டு, அந்தச் சத்தம் தேய்ந்து போகும்வரை நின்றேன். வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் வீடே மெதுவாக நகர்வதுபோல் இருக்கிறது. இரும்பு பீரோ, கேஸ் அடுப்பு, மாதா படம், காயப்போட்ட துணி, நான், எல்லாரும் சேர்ந்து சத்தமில்லாமல் எங்கோ இறங்கிக்கொண்டிருக்கிறோம். மேகத்துக்குள் உடம்பு சொல்வதை நம்பக்கூடாது என்று நீ சொல்லியிருக்கிறாய். விமானம் சாய்ந்திருக்கும், உடம்பு நேராக இருக்கிறோம் என்று சொல்லும். மீட்டர் சொல்வதுதான் உண்மை என்பாய். எனக்கு மீட்டர் ஏது? டம்ளரைப் பார்த்தேன். டீ ஆடாமல் அசையாமல் இருந்தது. சரி, வீடு நிற்கிறது என்று நம்பி அடுப்பைப் பற்றவைத்தேன்.

நீ கேப்டன் ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்த மாதங்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பைலட் உட்காருகிற இடத்தில் இருக்கும் மீட்டர்களின் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்து பீரோவின் மேல் ஒட்டினாய். அதற்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. இடதுபக்கம் நீ, கேப்டன். வலதுபக்கம் நான், கோ-பைலட். ஏதோ நைட்டியைப் போட்டுக்கொண்டு, இடது கையில் சப்பாத்திக் கட்டையைப் பிடித்துக்கொண்டு. அதுதான் எஞ்சின் லீவர், முன்னால் தள்ளினால் விமானம் மேலே ஏறும். பார்வை தெரியாத நேரத்தில் இறங்குவதற்கு என்று ஒரு முறை இருக்கிறது, அதை நீ எனக்குப் பாடம் எடுத்தாய். கோ-பைலட் தலையைக் குனிந்து மீட்டரை மட்டும் பார்த்து ஓட்டவேண்டும். கேப்டன் தலையை நிமிர்த்தி வெளியே ரன்வே விளக்குத் தெரிகிறதா என்று தேடவேண்டும். ஒரு குறிப்பிட்ட உயரம் உண்டு. அதற்குப் பெயர் மினிமம். அங்கே வந்ததும் கேப்டனுக்கு விளக்குத் தெரிந்தால் "லேண்டிங்" என்று சொல்லி விமானத்தைத் தன் கையில் வாங்கிக்கொள்வார். தெரியாவிட்டால் கோ-பைலட் லீவரைத் தள்ளி மேலே போய்விட வேண்டும்.

அப்பாவுக்கும் வேலை கொடுத்தாய். பால்கனிக் கம்பியில் வெள்ளை பெட்ஷீட்டைத் தொங்கவிட்டு, அதன் பின்னால் அவரை நிறுத்தினாய். அவர்தான் பனி. சாயங்காலம் எதிர்க் கட்டிடத்தில் படிக்கட்டு விளக்குகளைப் போட்டதும் நம் விமானம் இறங்க ஆரம்பிக்கும். நான் மெதுவாக உயரங்களைச் சொல்லிக்கொண்டே வந்து, "மினிமம்" என்பேன். அந்த நேரத்தில் அப்பா இஷ்டப்பட்டால் பெட்ஷீட்டைத் தூக்குவார், இல்லாவிட்டால் தூக்கமாட்டார். அம்பர்நாத் ஃபேக்டரியில் முப்பது வருஷம் யாரோ சொன்னதைச் செய்தே பழகிய மனுஷனுக்கு இப்படி ஒரு அதிகாரம் கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. சில நாள் ஒரு மூலையை மட்டும் தூக்குவார். ஒரே ஒரு விளக்குத் தெரியும். நீ வாயைத் திறக்கமாட்டாய்.

"ஒண்ணு தெரிஞ்சா போதாதா யய்யா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு தெரிஞ்சா அது எந்த விளக்குன்னே தெரியாதும்மா. வரிசையா நாலஞ்சு தெரியணும். அப்பதான் எந்தப் பக்கம் போறோம்னு புரியும். அதுக்காக முழு ரன்வேயும் தெரியணும்னு இல்ல."

இதை நீ சொல்லும்போது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. முழுவதும் தெரிய வேண்டியதில்லை, ஆனால் திசை தெரிகிற அளவுக்காவது தெரியவேண்டும். எவ்வளவு நியாயமான சட்டம் என்று நினைத்தேன்.

ஆனால் நான் மோசமான கோ-பைலட். அப்பா பெட்ஷீட்டைத் தூக்காத முதல் நாளே அது தெரிந்துவிட்டது. நான் "மினிமம்" என்றேன். நீ வெள்ளையைப் பார்த்தபடி பேசாமல் இருந்தாய். நான் சப்பாத்திக் கட்டையைப் பிடித்துக்கொண்டு உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என் பக்கம் திரும்பினாய்.

"அரே அம்மா, ஏன் தள்ளல? செத்தாச்சு."

"நீ என்னமோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்துச்சு."

"நான் எதுவும் சொல்லலேன்னா அதுதான் பதில். கேப்டன் பேசலேன்னா உடனே மேல போயிரணும். நீ என் மூஞ்சியப் பாக்கவே கூடாது."

"நீ எதுக்குப் பேசாம இருக்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம்மா. விளக்குத் தெரியாம இருக்கலாம், எனக்கு மயக்கம் வந்திருக்கலாம், பயத்துல வாய் வராம இருக்கலாம். எதுவா இருந்தாலும் மேல போறதுதான் சேஃப். ம்-னு முனகினாக்கூடக் கணக்குல வராது. லேண்டிங்-கிற வார்த்தை கேட்டாத்தான் இறங்கணும்."

பெட்ஷீட்டுக்குப் பின்னால் இருந்து அப்பா குரல் கொடுத்தார். "ஏ, ரெண்டு பேரும் உசுரோட இருக்கியளா? எனக்குக் கை வலிக்கி."

அதற்குப் பிறகும் பல நாள் நான் காத்திருந்து காத்திருந்து நம் விமானத்தைத் தரையில் மோதினேன். என்ன செய்ய? நீ பிறந்ததில் இருந்து உன் முகத்தைப் பார்த்துத்தான் உனக்குப் பசியா, காய்ச்சலா, பொய்யா என்று கண்டுபிடித்து வந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தை ஒரு சப்பாத்திக் கட்டைக்காக விடச் சொன்னால் விடுமா? ஒருநாள் ரோஷம் வந்து, மினிமம் என்று சொன்ன வாயோடு கட்டையை முன்னால் தள்ளினேன். அது பீரோவில் இடித்து ஒரு பள்ளம் விழுந்தது. இன்றும் இருக்கிறது. நீ எழுந்து நின்று கைதட்டினாய். இப்படி மேலே போய்விட்டு வந்தால் ஆபீஸில் காரணம் கேட்கமாட்டார்களா என்று அன்றைக்குத்தான் கேட்டேன். இதற்காக யாரையும் குற்றவாளி மாதிரி நிற்கவைக்க மாட்டார்கள் என்றாய். நிற்கவைத்தால் அடுத்த தடவை பைலட் மேலே போக யோசிப்பான், யோசிக்கிற நேரத்தில் தரை வந்துவிடும் என்றாய். இன்னொன்றும் சொன்னாய். ஒருவன் விளக்குத் தெரியாமலே இறக்கி, விமானம் நல்லபடியாக நின்றுவிட்டாலும், அது தப்புதானாம். நல்லபடியாக முடிந்த தப்புதான் பெரிய தப்பு, அடுத்த தடவையும் அப்படியே செய்யத் தோன்றும் என்றாய். நான் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

மழை முடிந்த பிறகு மான்குர்த்தில் ரோஸ்லின் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோமே, அதற்கு வருகிறேன். தாராவியில் இருந்து உன் அத்தையும் வந்திருந்தாள். ரோஸ்லின் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஓரத்தில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், எங்கள் முன்னால் கேள்வி கேட்கப்படாத மாணவி மாதிரி இருந்தாள். அவள் அப்பா உன்னைப் பார்த்து, "மாப்ள, நீங்க என்ன சொல்றீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். நீ ஜன்னலைப் பார்த்தாய். வெளியே ஒன்றும் இல்லை, ஒரு முருங்கை மரமும் கேபிள் வயரும்தான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அப்போது உன் அத்தை, "எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு வெக்கம் ஜாஸ்தி. பேசாம இருக்கான்னா சரின்னுதான அர்த்தம்" என்று சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். யாரோ ஸ்வீட் டப்பாவைத் திறந்தார்கள். அந்த நேரம் முழுவதும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நீ டெல்லிக்குப் போய்விட்டாய். ஃபோனில் எப்போது கேட்டாலும் "ம்" என்றாய், "உங்க இஷ்டம்" என்றாய். கோயிலில் கல்யாண ஓலைக்குப் பெயர் கொடுப்பதற்கு முன் பங்குச் சாமியார் உன்னை ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டபோதும், "வீட்ல சொன்ன மாதிரி ஃபாதர்" என்று சொன்னாயாம். டெல்லியில் பனி, ட்யூட்டி மாறிக்கொண்டே இருக்கிறது, பிள்ளை களைத்திருக்கிறான் என்று நானே உனக்காக எல்லாருக்கும் பதில் சொன்னேன்.

நம் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகன் இன்னாருடைய மகளைக் கல்யாணம் செய்யப் போகிறான், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் பூசை முடியும்போது வாசிப்பார். யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் கல்யாணம் நடக்கும். முதல் ஓலை அன்று நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். மைக்கில் உன் பெயரைக் கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போன ஞாயிறு இரண்டாம் ஓலை. வாசித்து முடித்துவிட்டுச் சாமியார் கொஞ்சம் நிறுத்தினார். ஃபேன் சுற்றுகிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம், வேறு ஒன்றும் இல்லை. அந்த அமைதிக்குள் உட்கார்ந்திருந்தபோது என் இடது கை தானாக மூடிக்கொண்டது, சப்பாத்திக் கட்டையைப் பிடிக்கிற மாதிரி. இத்தனை பேரும் பேசாமல் இருக்கிறோம், விமானம் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று நினைத்தேன்.

வெளியே வந்து, ஓலை வாசித்தாயிற்று என்று உனக்கு மெசேஜ் போட்டேன். நீ ஒரு கட்டைவிரலை அனுப்பினாய். வீட்டுக்கு வந்து ரோஸ்லினுக்கு ஃபோன் செய்தேன். அவள் கோயிலிலும் அன்றைக்கு வாசித்திருந்தார்கள். சந்தோஷமா இருக்கியாம்மா என்று கேட்டேன்.

"தெரியல ஆன்ட்டி. அவங்களுக்கு நான் பெருசா மெசேஜ் போட்டாலும் ஒரு தம்ஸ்-அப்தான் வருது. டியூட்டில இருப்பாங்கன்னு நெனச்சுக்குவேன்."

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

"என்கிட்ட யாரும் கேக்கல ஆன்ட்டி. அவங்க ஒரு நாள் ஒழுங்காப் பேசினா நானே சொல்லிருவேன்."

பயணிகள் இருக்கையில் ஒரு பெண் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, ஜன்னலில் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதையும் நீ யோசிக்கவேண்டும்.

அன்று மத்தியானம் மீன் கழுவிக்கொண்டே அப்பாவிடம் சொன்னேன். "இந்தப் பய பிடிச்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலியே, கவனிச்சீங்களா?"

அவர் பேப்பரில் இருந்து தலையை எடுக்கவில்லை. "பிடிக்கலேன்னா சொல்லிருப்பாம்லா? ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. இப்பப் போயி என்னத்தப் பேசுத?"

"சொல்லாம இருந்தா சரின்னு அர்த்தமா?"

"நீயுந்தான் அன்னைக்கு ஒண்ணுஞ் சொல்லல. நாம வாழலியா?"

என் கை நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா மெதுவாகப் பேப்பரை மடித்தார். இத்தனை வருஷத்தில் கேட்காத ஒன்றை, ஏதோ ரயில் நேரம் கேட்பதுபோல, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "உனக்கு அன்னைக்கு என்னப் பிடிச்சிருந்துச்சா?"

"இல்ல" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. பிடிக்கவில்லை என்றும் இல்லை, அவரை எனக்குத் தெரியவே இல்லை. என்னையும் ஒரு அறையில் உட்காரவைத்தார்கள், நான் பேசவில்லை, ஸ்வீட் கொடுத்தார்கள். பம்பாய்க்கு ரயில் ஏறும்போது எனக்கு முன்னால் எல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தது. அப்பா, "பொறவு எப்ப?" என்று கேட்டார். அதற்கு எனக்குப் பதில் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் மழையில் ஒருநாள் ரயில் எல்லாம் நின்றுபோய், அவர் அம்பர்நாத்தில் இருந்து தண்டவாளத்தோடு நடந்தும், வழியில் கிடைத்த லாரியில் ஏறியும், அப்போது நாங்கள் இருந்த தாராவி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இடுப்புவரை சேறு. வாசலில் நின்று முதலில் கேட்டது சாப்பாடு இல்லை, துண்டு இல்லை. "நீ பயந்துட்டியா?" என்று கேட்டார். அதுவரை என்னிடம் யாரும் அப்படி ஒன்று கேட்டதே இல்லை, யய்யா. என் வீட்டிலும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் எனக்கு வரிசையாக நாலைந்து விளக்குத் தெரிந்தது. இதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து வந்து குழாயை மூடினார். கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, மூக்கைத் துடைத்துக்கொண்டாரா என்று நான் பார்க்கவில்லை.

ஆக, நானும் அப்பாவும் தெரியாமல் இறங்கி, நல்லபடியாக நின்றவர்கள். உன் சட்டப்படி அது தப்பு. நல்லபடியாக நின்றுவிட்டதால் இதுதான் வழி என்று நினைத்து, உன்னையும் ரோஸ்லினையும் அதே மாதிரி இறக்கப் பார்த்தோம். அப்பா ரொம்ப நேரம் பால்கனியில் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

"இந்தத் தடவ பெட்ஷீட்டு என் கையில இல்லியே" என்றார். "நீ அவன்கிட்ட கேளு. ஃபோன்ல வேண்டாம், ம்-ம்பான். எழுது. வேண்டாம்னா சாமியார்கிட்ட நான் போறேன். மான்குர்த்துக்கும் நானே போறேன். திட்டுனா வாங்கிக்கிடுதேன். தங்கச்சி வாய நான் பாத்துக்கிடுதேன்."

உன் அத்தை வாயைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்கிறார் என்றால், அவருக்கு உன்மேல் எவ்வளவு பாசம் என்று புரிந்துகொள்.

இப்போது நான் சொல்லவேண்டியதுக்கு வந்துவிட்டேன். ரோஸ்லினைப் பிடித்திருந்தால் அதை வாய் திறந்து சொல். முழு வாழ்க்கையும் தெரியவேண்டும் என்று நான் கேட்கவில்லை, எந்தப் பக்கம் போகிறோம் என்கிற அளவுக்குத் தெரிந்தால் போதும். முதலில் அவளிடம் சொல், அவள் என்ன சொல்கிறாள் என்று கேள், பிறகு எனக்குச் சொல். அவளுக்கும் தெரிந்தால்தான் இறங்குவோம். பிடிக்காவிட்டால், உன் மனசில் வேறு யாராவது இருந்தால், யாருமே வேண்டாம் என்று இருந்தால், அல்லது உனக்கே ஒன்றும் புரியாமல் இருந்தால், நீ எதையும் சொல்லவேண்டாம். மேலே போவதற்கு உன்னிடம் எரிபொருள் இருக்கிறது. வயது இருக்கிறது, வேலை இருக்கிறது, இந்த வீடு இருக்கிறது. நீ எப்போதாவது சொல்ல நினைத்தால் கேட்டுக்கொள்வேன். நானாகக் காரணம் கேட்கமாட்டேன். அப்பாவும் கேட்கமாட்டார். அவரிடம் மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கிவிட்டேன்.

மூன்றாம் ஓலை இந்த ஞாயிறு. சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு நம் கோயிலில் மணி அடிப்பார்கள். அதுதான் நமக்கு மினிமம். அதற்குள் உன்னிடம் இருந்து "லேண்டிங்" என்கிற அந்த ஒரு வார்த்தை எனக்கு வந்தால், ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அந்தப் புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு போவேன். "ம்" கணக்கில் வராது. கட்டைவிரல் கணக்கில் வராது. "உங்க இஷ்டம்" கணக்கில் வராது. மணி அடித்து முடிந்தும் நீ பேசாமல் இருந்தால், அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு சாமியாரைப் பார்க்கக் கிளம்பிவிடுவார், ஓலை நிற்கும். கல்யாணத்துக்கு என்று நீ எடுத்திருக்கிற லீவில் சும்மா வீட்டுக்கு வா. மீன் குழம்பு வைக்கிறேன், தூங்கு.

பீரோவில் இருந்து அந்தப் படத்தை நான் இன்னும் எடுக்கவில்லை. அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதி முடிக்கிறேன். இடது கையில் கட்டை இருக்கிறது. உன் நாற்காலிப் பக்கம் நான் திரும்பிப் பார்க்கப்போவதில்லை, யய்யா.

அம்மா